வலி தெரியாத கால்

வாழவந்தி,
அக்டோபர், புதன்கிழமை.

அன்புள்ள ஜோஸ்லின் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். நீயும் அங்கே அயர்லாந்துக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல், இரவு டியூட்டி முடிந்து வந்தால் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காமல், ஏதாவது சூடாகச் செய்து சாப்பிட்டுக்கொண்டு நலமாக இருக்க வேண்டும். அடுத்த வரியில் அப்பாவும் நலம் என்று எழுதியாக வேண்டும், அதற்குத்தான் கை வரமாட்டேன் என்கிறது. பயப்படாதே. ஆள் நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார், என்னோடு நன்றாகச் சண்டையும் போடுகிறார். கால்தான் விஷயம். இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் உன் போன் வந்தால் அவர் எந்த மூலையில் இருந்தாலும் வந்து என் தோளை ஒட்டி உட்கார்ந்துகொள்கிறார், நான் கால் என்று ஆரம்பிப்பதற்குள் காப்பிச் செடியில் காய் எப்படிப் பிடித்திருக்கிறது என்று உனக்குச் சொல்லத் தொடங்கிவிடுகிறார். அதனால் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் தேர்வு எழுதுகிற நேரத்தில், ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி. படித்து முடித்ததும் அவரை அழைத்துக் கத்தாதே, கத்தினால் காதில் ஏறாது என்பதை நான் சோதித்துப் பார்த்தாயிற்று.

வீட்டில் வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. மழை நினைத்த நேரத்துக்குப் பெய்கிறது, துணி காய்வதில்லை. காட்டெருமை ஒன்று பின்பக்க வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, உன் அப்பா பொத்திப் பொத்தி வளர்த்த ஆரஞ்சுக் கன்றைத் தின்றுவிட்டுப் போயிற்று. வேலியை இன்னும் கட்டவில்லை, கட்ட வேண்டியவர் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆகஸ்டு கடைசியில் நாங்கள் வேளாங்கண்ணிக்குப் போனது உனக்குத் தெரியும். பங்குக் கோவிலிலிருந்து பஸ் ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று அப்பா உன்னிடம் சொன்னார். பஸ்ஸும் இல்லை ஒன்றும் இல்லை, நடந்துதான் கிளம்பினோம், அதுவும் அவர் செருப்பில்லாமல். நீ இரண்டாம் முறையும் அந்த ஆங்கிலத் தேர்வில் தோற்று, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தாயே, அந்த வாரம் கோவிலுக்குப் போய், என் மகள் தேறி வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டால் என் வீட்டு வாசலிலிருந்து உன் கோவில் வாசல் வரைக்கும் வெறுங்காலோடு நடந்து வருகிறேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டிருக்கிறார். என்னிடமும் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை. நீ தேறியது விடியற்காலையில் எழுந்து காதில் ஒயரை மாட்டிக்கொண்டு படித்ததால் என்று நான் சொன்னேன். அந்த நேரத்துக்குப் பிள்ளையை எழுப்பிவிட்டது யாரு என்று கேட்டார். நான்தானுங்க எழுப்பினேன் என்றேன். உன்னை எழுப்பிவிட்டது யாரு என்றார். இப்படிப் பேசுகிறவரிடம் என்ன வாதம் செய்வது.

நீ நர்ஸ், சர்க்கரைக் கால் என்றால் என்னவென்று உனக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் நீ போன பிறகு அது எவ்வளவு முற்றியிருக்கிறது என்பது உனக்குத் தெரியாது. எஸ்டேட்டில் இருந்து வரும்போது ஒரு செருப்பு வழியிலேயே கழன்று விழுந்துவிடும், இவர் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து சேருவார், நான் சொன்ன பிறகுதான் குனிந்து பார்ப்பார். சேலத்தில் பார்க்கிற டாக்டர் போன வருஷமே, வீட்டுக்குள்கூடச் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது, இந்தக் காலில் ஒரு புண் வந்தால் விரலோடு நிற்காது என்று சொல்லி, சர்க்கரைக்காரர்களுக்கென்று செய்கிற மெத்தென்ற செருப்பை வாங்க வைத்தார். அது பெட்டி பிரியாமலே கிடந்தது. இந்தக் காலை வைத்துக்கொண்டுதான் நாலு வழிச் சாலையில் நாள்கணக்காக நடப்பேன் என்றார். சொல்லிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். கடைசியில், நானும் கூட வருவேன், தினமும் சாயங்காலம் இரண்டு காலையும் எனக்குக் காட்ட வேண்டும், நான் போதும் என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டேன். சரி சரி என்றார். எஸ்டேட்டில் மேனேஜர் சொல்வதற்கெல்லாம், கணக்கெழுதுகிற ரைட்டராக இவர் சொல்கிற சரி அது. அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

சாமியார் மந்திரித்து அனுப்பினார். எல்லோரும் காவி உடை, கழுத்தில் ஜெபமாலை. நான் மட்டும் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற சேலையும் கேன்வாஸ் ஷூவும். கூட்டத்துக்குத் தலைவர் ஸ்தனிஸ்லாஸ் அண்ணன். ஏற்காட்டுக்குப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், உனக்குத் தெரியும், மலை இறங்கும்போது கொண்டை ஊசி வளைவு வந்தால் இன்னமும் நடந்துகொண்டே கையைச் சுற்றுகிறார். முன்னால் மாதா சுரூபமும் ஒலிபெருக்கியும் எங்கள் பை பாத்திரங்களும் ஏற்றிய குட்டியானை வண்டி, அதை ஓட்டியவர் காய்கறி ஏற்றுகிற மெல்வின். முடியாதவர்கள் கொஞ்ச தூரம் அதில் ஏறிக்கொள்ளலாம், நானும் அவ்வப்போது ஏறிக்கொண்டேன், எனக்கு நேர்ச்சை ஒன்றும் இல்லையே. அடிவாரம் வருவதற்குள் பாதிப் பேருக்கு முழங்கால் போயிற்று. சேலம் தாண்டியதும் கொப்புளம் கிளம்பியது. எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிற லூர்துசெல்வி, அவளுக்குத் தினமும் மூட்டை சுமந்து பழக்கம், அவளே மதியத்துக்குள் நொண்ட ஆரம்பித்தாள். உன் அப்பா மட்டும் கல்யாண ஊர்வலத்தில் போகிறவர் போல நிமிர்ந்து முன்னால் போய்க்கொண்டிருந்தார். முதல் நாள் சாயங்காலம் காலைக் காட்டினார், புழுதியைத் தவிர ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் இடது உள்ளங்காலில் பெரிதாக ஒரு துணிப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. என்னங்க இது என்றால், சும்மா சிராய்ப்பு, ஸ்தனிஸ்லாஸ் ஒட்டிவிட்டார் என்றார். பிரித்துப் பார்க்க வேண்டும் என்றேன். அதற்குள் லூர்துசெல்வி வந்து, "ஏனுங்க டீச்சர், ஒட்டுனதைப் பிச்சா தோலும் சேர்ந்து வந்துருமுங்க. அண்ணனே வலிக்கலைங்கறாரு, உங்களுக்கு எங்க வலிக்குதுங்க?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். வலிக்கலை, வலிக்கலை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை கண்ணு.

மூன்றாம் நாளைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும். ராசிபுரம் பிரிவுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து விடியும் முன்னே கிளம்பி நாமக்கல்லைப் பார்த்து நடந்தோம். அந்தச் சாலையை நீ பஸ் ஜன்னலிலிருந்துதான் பார்த்திருப்பாய். நடப்பவர்களுக்கு அது வேறு சாலை. நிழல் என்று ஒரு மரம் கிடையாது, அகலப்படுத்தும்போது எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள், நடுவில் அரளியை மட்டும் நட்டு வைத்திருக்கிறார்கள், அது யாருக்கு நிழல் தரும். முட்டை லாரி கடந்து போனால் அந்தக் காற்றில் சேலை ஒரு பக்கம் நாம் ஒரு பக்கம். ஓரம் முழுக்க வெடித்த டயர்த் துண்டுகள், அவற்றிலிருந்து பிரிந்த முடி போன்ற கம்பிகள், உடைந்த கண்ணாடி. வெயில் ஏறியதும் வெறுங்காலோடு நடப்பவர்கள் எல்லோரும் ஓரத்தில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டின் மேல் வந்துவிட்டார்கள். தார் அளவுக்கு அது சுடாதாம். ஒருவர் பின்னால் ஒருவராக, கயிற்றின் மேல் நடக்கிற மாதிரி, மரியே என்று ஒருவர் கூவ வாழ்க என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டு போகிறார்கள். மேட்டுக்காட்டில் சோளம் போட்டிருந்த ஆராயி என்ற அம்மாள், நம் சபை இல்லை, நெற்றி நிறைய திருநீறு, வருஷாவருஷம் மாதாவுக்கு நடந்து போகிறவர்களுக்குக் காலில் தண்ணீர் ஊற்றுவது அவர்கள் வீட்டு வழக்கமாம். குடத்தோடு நின்று ஒவ்வொருவர் காலிலும் ஊற்றினாள். கொப்புளத்தில் தண்ணீர் பட்டதும் ஒவ்வொருவரும் ஆ ஊ என்று துள்ளினார்கள். இவர் காலில் ஊற்றினாள், இவர் கல் மாதிரி நின்றார். "ஏனுங்க சாமி, உங்களுக்கு எரியலீங்களா?" என்று அவள் கேட்டாள். மாதா பார்த்துக்கிறாங்கம்மா, முதல் நாளிலிருந்தே எனக்கு ஒரு வலியும் இல்லை என்றார். அவ்வளவுதான். அந்த அம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். லூர்துசெல்வி மரியே என்று கூவினாள். பின்னால் வந்த நாலு பெண்கள் வரிசையாகக் காலைத் தொட்டார்கள். உன் அப்பா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வேண்டாமுங்க வேண்டாமுங்க என்று கையைத்தான் ஆட்டினார், காலை இழுத்துக்கொள்ளவில்லை.

அது வரம் இல்லையம்மா, நரம்பு செத்துப்போன கால் என்று நான் அங்கே நின்று சொல்லியிருக்க வேண்டும். ஸ்தனிஸ்லாஸ் அண்ணனிடம் தனியாகச் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "டீச்சர், நீங்க படிச்சவங்க, உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு பேரு இருக்குமுங்க" என்றார். வண்டியில் ஏறாமல் அப்பாவுக்குப் பின்னாலேயே நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் வெள்ளைக் கோட்டில் ஒரு சிவப்புப் புள்ளி. யாரோ வெற்றிலை போட்டுத் துப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த எட்டில் இன்னொன்று. அடுத்ததில் இன்னொன்று, எல்லாம் இடது பக்கம், ஒரே அளவு இடைவெளியில், முத்திரை குத்திக்கொண்டே போன மாதிரி. தலை நிமிர்ந்து பார்த்தால் அவர் அவே மரியா சொல்லிக்கொண்டு போகிறார். ஏனுங்க நில்லுங்க என்று நான் போட்ட சத்தத்தில் முன்னால் போன வண்டியே நின்றுவிட்டது. ஓரத்துத் தடுப்பின் மேல் உட்கார வைத்துப் பிளாஸ்திரியைப் பிரித்தேன். பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் எப்போதோ உடைந்து, சதை வெளுத்து ஊறி, அதற்குள்ளே டயர்க் கம்பி ஒன்று முழுதாக இறங்கியிருந்தது. நுனி மட்டும்தான் வெளியே. சுற்றிலும் வீங்கியிருந்தது, அன்றைக்குக் குத்தியது போல இல்லை. அவர் குனிந்து பார்த்துவிட்டு, இது எப்ப ஏறுச்சு என்று என்னைக் கேட்டார். என்னைக் கேட்கிறார்.

உடனே வண்டியில் ஏறுங்க, நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். ஏறமாட்டேன் என்றார். வண்டியில் கால் வைத்தால் நேர்ச்சை முறிந்துவிடும், நேர்ந்தது பிள்ளைக்காக, முறிந்தால் அது அவள்மேல் வந்து விழும். கம்பியைப் பிடுங்கிவிட்டு வேறு பிளாஸ்திரி போடு, நான் நடக்கிறேன், வலியே இல்லையே என்றார். லாரி போகிற சத்தத்தில் நான் கத்த, அவர் கத்த, எங்களைச் சுற்றிக் கூட்டம். அப்போது ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் ஒரு தீர்ப்புச் சொன்னார். "பஸ்ஸு வழியில நின்னு போச்சுன்னா அதே டிக்கெட்டுல அடுத்த பஸ்ஸுல ஏத்தி உடறதில்லீங்களா? ஊட்டுக்காரரு நேர்ந்ததை ஊட்டுக்காரம்மா நடந்து முடிக்கலாமுங்க. நின்ன எடத்துல இருந்து எடுக்கோணும், அவ்வளவுதான். அந்தக் காலத்துல இருந்து நம்ம பங்குல அப்புடித்தானுங்க." இப்படி ஒரு சட்டத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனால் உன் அப்பா முகம் மாறியது. என்னைப் பார்த்து, "நீ நடக்கறியா சுந்தரி? நடந்தா நான் ஏர்றேன்" என்றார். நான் உங்களோட ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாமுங்களா என்றேன். மெல்வின் வருவான், நீ நட என்றார். சரி நடக்கிறேன், கிளம்புங்க என்றேன். ஷூவைக் கழட்டு என்றார். ஏனுங்க, தார் கொதிக்குதுங்க என்றேன். எனக்கு ஒண்ணுமே தெரியலையே என்றார். அதுதானுங்க உங்களுக்கு நோவே என்று சொன்னேன், யாருக்கும் புரியவில்லை. கம்பி ஏறிய காலோடு அவர் உட்கார்ந்திருக்க, நான் அங்கே நின்றுகொண்டு இறையியல் பேச முடியுமா. கழற்றினேன். அவருடைய கடைசிச் சிவப்புப் புள்ளி எது என்று ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் தேடிக் கண்டுபிடித்துக் காட்டினார், இங்க இருந்து எடுங்க டீச்சர் என்று. அதிலிருந்து எடுத்தேன்.

அவர் உடனே போயிருந்தாலாவது பரவாயில்லை. நான் நடக்கிறேனா என்று பார்க்க வேண்டுமாம். வண்டியை என் பக்கத்தில் மெதுவாக உருட்டச் சொல்லி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கோட்டு மேலயே நட, கோட்டு மேலயே நட என்று சொல்லிக்கொண்டு வருகிறார். பின்னால் பஸ்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். நாமக்கல்லுக்குப் போங்க என்று நடுச்சாலையில் கைகூப்பிக் கும்பிட்ட பிறகுதான் போனார். வெள்ளைக் கோடு சுடாது என்று சொன்னவர்களை நான் பிறகு பார்க்கவே இல்லை. சுடுகிறது. முதலில் சுடும், பிறகு எரியும், பிறகு ஒவ்வொரு மணலும் தனித்தனியாகத் தெரியும். மனைவி என்று இருந்தால் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருக்க வேண்டும், நான் எதை நம்பவில்லையோ அதற்காக நாமக்கல் சாலையில் கோட்டின் மேல் நடந்துகொண்டிருந்தேன். மெல்வினுக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை. இதில் லூர்துசெல்வி பக்கத்தில் வந்து, டீச்சருக்கு மனசு திரும்பிருச்சு என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். திரும்பலம்மா என்றேன். "அப்புடித்தானுங்க சொல்லுவாங்க, மொதல்ல" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு, கால் மட்டும் சரியாக இருந்திருந்தால் அவளை விட்டு ஓடியே போயிருப்பேன். சாயங்காலம் நாமக்கல் எல்லையில் தங்கும் மண்டபம் வந்ததும் ஒரு ஆட்டோ பிடித்து, கால் கட்டைவிரலை மட்டும் ஊன்றிக்கொண்டு ஆஸ்பத்திரிப் படி ஏறினேன்.

கம்பியை எடுத்து, சீழைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டிருந்தார்கள். இன்னும் இரண்டு நாள் நடந்திருந்தால் பெருவிரலை எடுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார், உன்னைவிடக் கொஞ்சம் பெரிய பெண், அவ்வளவுதான். இவர் அவரிடமும் வலி இல்லாத பெருமையைச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. அந்தப் பெண் ஒன்றும் வாதம் செய்யவில்லை. அய்யா கண்ணை மூடிக்குங்க, நான் காலில் தொடும்போதெல்லாம் ஆமா என்று சொல்லுங்க என்று சொல்லிவிட்டு, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு இழையை எடுத்து, கட்டுப் போடாத வலது காலில் ஒவ்வொரு விரலாக அழுத்தினார். இழை வளைகிற அளவுக்கு அழுத்தினார். அப்பா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, நல்ல பிள்ளை மாதிரி, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காத்துக்கொண்டிருந்தார். விரல்கள், உள்ளங்கால், குதிகால், எல்லாம் முடிந்துவிட்டது. அவர் கண்ணைத் திறக்காமலே, "ஆரம்பிக்கலாமுங்க டாக்டரம்மா" என்றார். நானும் டாக்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு கண்ணைத் திறக்கச் சொல்லி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இழையை மறுபடி அழுத்திக் காட்டினார். அப்பா இழையையே பார்த்தார். இத்தனை வருஷம் நான் சொல்லிக்கொண்டிருந்தது சரி என்று ஆயிற்று. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை கண்ணு. தெருவே காலைத் தொட்டு வணங்கிய மனிதர், ஸ்ட்ரெச்சரின் ஓரத்தில் அந்தக் காலைப் போர்வைக்குள் இழுத்து மூடிக்கொண்டார்.

அதோடு புத்தி வந்தது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. டாக்டர் போன பிறகு, உனக்குச் சுட்டுச்சா என்று கேட்டார். கொப்புளமே வந்திருக்குதுங்க என்றேன். காட்டு என்றார். காட்டினேன். நொம்ப வலிக்குதா என்றார். நொம்ப என்றேன். அப்ப நீ நடந்ததுதான் சேரும், நான் நடந்தது சேராது என்றார். எனக்குப் புரியவில்லை. "வலிக்காம நடக்கறது ஒரு நடையா? பஸ்ஸுல போற மாதிரிதான அது. மாதாவுக்கு நான் ஒண்ணுமே குடுக்கலை சுந்தரி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கூட்டம் மறுநாள் காலையில் எங்களை விட்டுவிட்டுத் திருச்சி பக்கம் போய்விட்டது. நாங்கள் சில நாள் அங்கேயே இருந்து ஊர் வந்து சேர்ந்தோம். இப்போதும் ஏற்காட்டுக்குப் போய்க் கட்டு மாற்றுகிறோம், புண் ஆறிக்கொண்டு வருகிறது, ஆனால் மெதுவாக. வந்த அன்றிலிருந்து ஒரே பேச்சு. புண் ஆறியதும் மறுபடி முதலிலிருந்து நடப்பாராம், யார் துணையும் வேண்டாமாம். சாமியார் வீட்டுக்கே வந்து, நேர்ச்சையை மாற்றிக்கொடுக்கச் சபைக்கு அதிகாரம் உண்டு, ஒரு பூசை வைத்து நாலு பேருக்குச் சாப்பாடு போடுங்கள் போதும் என்று சொன்னார். "சாமி சொல்றது சரிதானுங்க, ஆனா வாய் குடுத்தது நானுங்களே" என்றார். சாமியார் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கென்ன.

கடைசியில் ஒரு நாள் என்னிடம் வந்து, மிச்சத்தை நீ நட, இல்லாவிட்டால் நான் போகிறேன் என்றார். இது மிரட்டல்தானே. எனக்கு இதில் நம்பிக்கை இல்லையே, நான் நடந்து என்ன பிரயோசனம் என்று நேராகவே கேட்டேன். நம்பிக்கை வேண்டாம், வலிச்சாப் போதும் என்றார். மறுநாள் நானும் ஒரு பேரம் சொன்னேன். அடுத்த ஆகஸ்டில் நாமக்கல் எல்லையிலிருந்து வேளாங்கண்ணி வரைக்கும் நான் வெறுங்காலோடு நடக்கிறேன். அதுவரைக்கும் அந்த மெத்தைச் செருப்பு வீட்டிலும் வெளியிலும் காலைவிட்டு இறங்கக் கூடாது, புண் காலில் கட்டின் மேலேயே போட்டுக்கொள்கிற மாதிரி பட்டை வைத்ததை வாங்கித் தருகிறேன், காலையும் மாலையும் இரண்டு காலையும் எனக்குக் காட்ட வேண்டும், ஒரு நாள் தவறினாலும் நான் நடக்கமாட்டேன், முறிந்தால் முறிந்தது உங்களால் என்று சொன்னேன். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை, சரி என்றார். இந்தச் சரி வேறு சரி. அன்றிலிருந்து நான் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன்னால், ஆள்கணக்கு எடுக்கும்போது எஸ்டேட் ஆட்கள் வந்து நிற்கிற மாதிரி, கூப்பிடாமலே வந்து ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு உட்காருகிறார். உள்ளங்காலைப் பார்க்கச் சின்னக் கண்ணாடி ஒன்றும் ஏற்காடு கடையில் வாங்கி வந்திருக்கிறார். டாக்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகக் கெஞ்சினேன், அசையவில்லை. அதையே மாதாவின் பெயரால் கேட்டதும் ஒரே நாளில் செய்கிறார். எனக்கு இது எரிச்சலாக இருக்கிறது. கால் பிழைக்கிறது, அதனால் வெளியே சொல்ல முடியாத எரிச்சல். தாவரவியல் படித்தவள், நாற்பத்தொன்பது வயதில் அடுத்த வருஷ லீவை இதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். லூர்துசெல்வி இப்போதே லைன் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள்.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம். அம்மாவுக்குப் பதிலாக நான் வந்து நடக்கிறேன் என்று சொல்லிவிடாதே, சொன்னால் அதையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டு உன் லீவுக்குக் காத்திருப்பார். எனக்காகத்தானே என்று அழவும் வேண்டாம், அவர் உன்னைக் கேட்டு நேரவில்லை. பஸ்ஸில் போனதாகச் சொன்னது பொய் என்று உனக்குத் தெரிந்ததாகவும் காட்டிக்கொள்ளாதே, அவரே ஒரு நாள் சொல்லட்டும். அந்த ஊர் ஈரத்தில் உன் காலையும் பார்த்துக்கொள், நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறாய், நல்ல ஷூவாக வாங்கு. உன்னோடு தங்கியிருக்கும் பெண்ணுக்கு ஊறுகாய் பிடித்திருந்தால் சொல், இங்கிருந்து யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும் என்று அப்பா சொல்லுவார், அவர் சார்பில் அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். என் ஆசி, நீ நோயில்லாமல், யாருக்கும் பயப்படாமல், செய்கிற வேலையில் நல்ல பெயரோடு நெடுநாள் இருக்க வேண்டும் என்பது.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கால் வலிக்குதாப்பா என்று அவரிடம் கேட்காதே. இல்லை கண்ணு என்பார். அவர் சொல்வது உண்மைதான், அதைக் கேட்டு நீயும் நிம்மதியாகப் போனை வைத்துவிடுவாய். கேமராவைக் கீழே இறக்கச் சொல். இரண்டு காலையும், உள்ளங்கால் தெரிகிற மாதிரி, நீயே பார்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஞானசுந்தரி ஆண்டனி ராஜ்